மாதுளைக்குக் காவல்

பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையின் எமர்ஜென்சி வார்டு. கட்டிலில் என் வீட்டுக்காரர். நெஞ்சு முழுக்க ஒயர்கள். ஒரு டாக்டரும் இரண்டு நர்சுகளும் அவரைச் சுற்றி நிற்கிறார்கள். நான் அவர்களை இடித்துக்கொண்டு உள்ளே போய் அவரிடம் சொன்னேன்:

"நாக்க நீட்டுங்க."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "நாங்க பாத்துக்குறோம்மா, நீங்க வெளிய இருங்க."

"நீங்க பாக்குறது வேற சார், நான் பாக்குறது வேற. ஏங்க, நீட்டுங்கன்னா."

நீட்டினார். நாக்கு வெளுத்துக் கிடந்தது. சிவப்புக் கறை இல்லை. வலது கையைப் பிடித்து நகக்கண் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். விரலை மோந்தும் பார்த்தேன். ஸ்பிரிட் வாசனைதான் அடித்தது.

"எத்தன திண்ணீங்க?"

"எத?"

"மாதுளைய."

"நான் எதையும் திங்கல புள்ள."

"அல்லா மேல ஆணையா சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சொல்லத் தெம்பில்லாமல் மூடினாரா, என்னைப் பார்க்கப் பிடிக்காமல் மூடினாரா என்று நான் யோசிக்கவே இல்லை. அந்தக் கோலத்தில் கிடந்த மனுஷனை ஒரு பழத்துக்காகத் திருடன் மாதிரி விசாரித்தேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

பழத்தோடு வருகிறவர்கள்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு நாலு வரி. எங்களுக்கு ஊர் லப்பைக்குடிக்காடு. என் வீட்டுக்காரர் சவுதியில் பத்தொன்பது வருஷம் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டினார். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து இரண்டு கிட்னியையும் முடித்துவிட, ஊருக்கு வந்து சேர்ந்தார். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் பெரம்பலூரில் டயாலிசிஸ்.

சனிக்கிழமை முடித்தால் செவ்வாய் வரைக்கும் மெஷின் கிடையாது. அந்த இடைவெளிதான் எனக்குப் பிசாசு. சாப்பாட்டில் இருக்கிற பொட்டாசியத்தைக் கிட்னி வெளியே தள்ளாது, அது ரத்தத்திலேயே தங்கும், அளவு மீறினால் இதயம் நின்றுபோகும் என்று முதல் நாளே டாக்டர் சொல்லிவிட்டார். இளநீர், வாழைப்பழம், கீரை, தக்காளி, புளி என்று விலக்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அதில் மாதுளையும் இருந்தது.

எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போவது ஒரு நன்மையான காரியம். யாரும் வெறுங்கையோடு போக மாட்டார்கள். ரத்தம் ஊறுகிற பழம் என்று மாதுளைக்குப் பேர். ஆகவே வருகிறவர்கள் எல்லாரும் மாதுளையோடு வந்தார்கள். திட்டக்குடியிலிருந்து வந்த மாமி ஒருவர், "ரத்தத்த மெஷின்ல போட்டு எடுக்குறாங்களாமே, பாவம், ஊறட்டும்னு ரெண்டு கிலோ வாங்கியாந்தேன்" என்றார். பாடாலூரில் ரோட்டோரம் காரை நிறுத்தி ஒரு பெட்டியே வாங்கி வந்தவர்களும் உண்டு.

"டாக்டர் கூடாதுன்னுட்டாருங்க" என்று சொன்னால் முகம் வாடிவிடும். சிலர் விடவும் மாட்டார்கள். ஒவ்வொரு மாதுளையிலும் சொர்க்கத்து முத்து ஒன்று இருக்கிறதாகச் சொல்வார்கள். அதனால் எங்கள் ஆட்கள் ஒரு முத்தைக்கூடக் கீழே சிந்தாமல் தின்பார்கள். "ஒரே ஒரு முத்தாவது குடு. அதுவே அந்த முத்தா இருந்துட்டா?" என்று என்னிடம் வாதாடினார் அந்த மாமி. நான் கூடையைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

அன்றிலிருந்து என் வேலை எண்ணுவதுதான். காலையில் கூடையில் எத்தனை பழம், சாயங்காலம் எத்தனை பழம். ஒன்பது மாதமாக என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஃபேனுக்குக் கீழே உட்காருவேன், அவர் அசைகிற சத்தம் கேட்டால் எழுந்து போய் எட்டிப் பார்ப்பேன். தண்ணீரும் அவருக்கு அளவுதான், செம்பை யார் தொட்டாலும் எனக்குக் காது விடைக்கும்.

அந்தப் பழத்தையெல்லாம் என்ன செய்தேன்

போன வாரம் ஒரு வாசகி இப்படிக் கேட்டு எழுதியிருந்தார். தின்றேன் அம்மா, வேறென்ன செய்வேன்.

மாதுளை உடைப்பதில் இப்போது நான் கைதேர்ந்தவள். கொண்டையைச் சுற்றி வட்டமாகக் கீறி மூடி போலத் தூக்கிவிட வேண்டும். உள்ளே வெள்ளைத் தோல் எங்கெங்கே பிரிகிறது என்று தெரியும். அந்தக் கோட்டிலேயே வெளியில் கீறி, தண்ணீர் நிறைந்த சட்டிக்குள் வைத்துப் பிட்டால் முத்து அடியில் போகும், தோல் மேலே மிதக்கும். உடுப்பில் கறை படாது. இது நிதானமாக இருக்கிற நாளைக்கு.

நிதானம் இல்லாத நாளில் குறுக்கே இரண்டாக வெட்டி, உள்ளங்கையில் கவிழ்த்துப் பிடித்து, கரண்டிக் காம்பால் முதுகில் போடு போடு என்று போட வேண்டியதுதான். பொலபொலவென்று உதிரும். நான் பெரும்பாலும் இப்படித்தான் உடைத்தேன்.

பக்கத்து வீட்டு மும்தாஜுக்கு மூன்று ஆண் பிள்ளைகள். அவர்கள் பழத்தைத் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுவார்கள். உள்ளே எல்லாம் நசுங்கிக் கொழகொழத்ததும் ஓர் ஓட்டை போட்டு உறிஞ்சுவார்கள். சட்டை பாழ். ஆனால் அதில் இருக்கிற ருசி கிண்ணத்தில் போட்டு ஸ்பூனால் தின்றால் வராது, நானும் கதவைச் சாத்திக்கொண்டு உறிஞ்சிப் பார்த்திருக்கிறேன்.

புளித்த பழமாக இருந்தால் உப்பும் மிளகுத்தூளும் தூவினால் போதும். இனிப்புப் பழம் தயிர்ச்சோற்றுக்கு. பிரியாணிக்குச் செய்கிற தயிர்ப் பச்சடியில் வெங்காயத்தோடு ஒரு பிடி போட்டால் தட்டு காலியாகும். ஜூஸ் போடுகிறவர்கள் மிக்ஸியை இரண்டு சுற்றுக்கு மேல் விடக் கூடாது. விட்டால் உள்ளே இருக்கும் விதையும் அரைபட்டுக் கசந்துவிடும். தோலைக் காயவைத்து வைத்திருந்தால் வயிற்றுப்போக்குக்குக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம்.

எல்லாவற்றையும் அடுப்படியில் நின்றபடியேதான் தின்றேன். அவர் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொள்வேன். கரண்டிச் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்கும், அது எனக்கும் தெரியும். டயாலிசிஸ் யூனிட்டில் செல்வி என்று ஒரு சிஸ்டர். மீன்சுருட்டி ஊர்க்காரப் பெண், பெரம்பலூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஒருநாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார் எளைச்சிக்கிட்டே போறாரு, நீங்க மட்டும் நல்லா ஊறிட்டீங்கம்மா" என்றாள். சிரிக்கவும் முடியாமல் கோபப்படவும் முடியாமல் நின்றேன்.

டேப் சுற்றிய பாட்டில்

என் கொழுந்தன் ரஃபீக் சவுதியிலிருந்து லீவில் வந்திருந்தான். எனக்கு ஒரு பாட்டில் கொண்டு வந்தான்.

வெளிநாட்டிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற எந்தப் பாட்டிலுக்கும் முகம் தெரியாது. ஷாம்பு, எண்ணெய், தைலம், எதுவானாலும் கழுத்திலிருந்து அடிவரை பழுப்பு டேப்பைச் சுற்றோ சுற்று என்று சுற்றி அட்டைப் பெட்டியில் வைப்பார்கள். வழியில் ஒழுகினால் பெட்டியில் இருக்கிற புதுத்துணியெல்லாம் போச்சே. வந்த பிறகு மூடியில் இருக்கிற டேப்பை மட்டும் அறுத்துவிட்டுப் பாட்டிலை அப்படியே புழங்குவோம். மீதி டேப்பை உரித்துப் பார்க்கிற பழக்கம் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் இல்லை. என்ன சாமான் என்று கொண்டு வந்தவர் வாயால் சொல்வதுதான் லேபிள்.

அண்ணியை எங்கள் ஆட்கள் மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ரஃபீக் சொன்னான்: "மச்சி, அண்ணனுக்குப் புளி ஆவாதுன்னு சொன்னீங்கள்ல? அங்க அரபுக்காரங்க புளிப்புக்கு இதத்தான் ஊத்துவாங்க. புளியே கெடையாது இதுல."

"ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணாதே?"

"பச்சக் காய்கறியிலயே ஊத்தித் திங்குறாங்க மச்சி. என்ன பண்ணப் போவுது?"

கறுப்பாக, தேன் பதத்தில் இருந்தது. நக்கிப் பார்த்தேன். புளிப்பு, பின்னாலேயே கொஞ்சம் இனிப்பு. எதில் செய்தது என்று நான் கேட்கவில்லை. வருகிறவர்களின் பையைப் பிடுங்கிச் சோதிக்கிற நான், இதைக் கேட்கவில்லை. புளி இல்லை என்ற ஒரு வார்த்தையிலேயே குளிர்ந்துபோய்விட்டேன்.

ஏனென்றால் ஒன்பது மாதமாக அவருக்கு நான் போட்டது சாப்பாடே இல்லை. காயை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து அதையும் கொட்டி, உப்பில்லாமல் புளியில்லாமல் தட்டில் வைப்பேன். எனக்கே வாயில் வைக்க முடியாது.

அன்றைக்கு மீன் குழம்பு வைத்தேன். புளிக்குப் பதில் இரண்டு கரண்டி அதை ஊற்றினேன். அவர் முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். தட்டை வழித்துச் சாப்பிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பத்து நாள் அதே பாட்டில்தான். கத்திரிக்காய், முருங்கைக்காய், எல்லாவற்றிலும் ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமை ரஃபீக் திரும்பிப் போகிற நாள். சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள், விருந்துச் சமையல். அவர் நன்றாகச் சாப்பிடுகிறாரே என்று மத்தியானமும் ராத்திரியும் கூடுதலாகவே ஊற்றினேன்.

திங்கட்கிழமை காலை

பாத்ரூம் படிக்கட்டு ஒரே ஒரு படிதான். அதில் அவருக்குக் கால் ஏறவில்லை.

"காலு வர மாட்டேங்குது புள்ள" என்றார். குரல் எங்கோ இருந்து வந்தது.

மும்தாஜ் வீட்டுக் காரில் போட்டுக்கொண்டு பறந்தோம். இரண்டு பக்கமும் மக்காச்சோளக் காடு ஓடியது. வழி நெடுக அவரைக் கேட்டுக்கொண்டே வந்தேன்: "திண்ணீங்களா? யாரு குடுத்தா? அந்த மாமியா?" அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஈசிஜி எடுத்த பேப்பரைப் பார்த்ததும் டாக்டர் முகம் மாறியது. பொட்டாசியம் எக்கச்சக்கம் என்றார். ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், மெஷினுக்கு ஏற்பாடு செய்தார்கள். இடையில்தான் நான் போய் நாக்கை நீட்டச் சொன்னது.

"இன்னங் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா இதயம் நின்னுருக்கும்மா" என்றார் டாக்டர். "என்ன சாப்பிட்டாரு?"

"மாதுளை சார். வேற என்னவா இருக்கும்? திருட்டுத்தனமா திண்ணுருக்காரு."

சொல்லிவிட்டு வராண்டாவுக்கு வந்து மும்தாஜுக்குப் போன் போட்டேன். கூடையில் இருக்கிற பழத்தை எண்ணச் சொன்னேன். பதினொன்று என்றாள். நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணியதும் பதினொன்றுதான். அப்படியும் என் மனசு ஒப்பவில்லை. வந்த கூட்டத்தில் யாரோ சட்டைப்பையில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். மெஷின் ஓடி முடிந்து அவர் கண் விழித்தபோதும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வெந்நீர்

மறுநாள் செவ்வாய். அவருக்கு மறுபடி மெஷின். கேன்டீன் சாப்பாட்டில் எல்லாவற்றிலும் புளியும் தக்காளியும் இருக்கும் என்று, நான் விடிந்ததும் பஸ் பிடித்து ஊருக்கு வந்து சமைக்க நின்றேன். அரிசியை வைத்துவிட்டுப் பாட்டிலை எடுத்தேன். அடியில் கொஞ்சம்தான் மிச்சம், இறுகிப்போய்க் கவிழ்த்தாலும் வரவில்லை. கொதித்த தண்ணீரைச் சட்டியில் ஊற்றி அதற்குள் பாட்டிலை நிறுத்தினேன்.

ஆமாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற குழம்பிலும் அதை ஊற்றத்தான்.

சூட்டில் டேப் இளகி ஓர் ஓரம் தூக்கிக்கொண்டது. கைக்கு உறுத்துகிறதே என்று பிடித்து இழுத்தேன். சுற்றுச் சுற்றாகக் கழன்று வந்தது. கீழே ஒரு படம். பாதியாக வெட்டி வைத்த மாதுளை. அத்தனை முத்தும் சிவப்பாக என்னைப் பார்த்தன.

அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூடைக்குக் காவல் இருந்தேன். வந்தவர்களை விரட்டினேன். அவர் நாக்கைப் பார்த்தேன். ஒரு முத்துகூட அவர் வாய்க்குப் போகக் கூடாது என்று கதவைச் சாத்தி நின்று தின்றேன். கடைசியில் பழத்தைப் பிழிந்து வற்றக் காய்ச்சிய சாற்றைப் பத்து நாளாக என் கையால் அவர் தட்டில் ஊற்றியவள் நான்.

ரஃபீக்குக்குப் போன் போட்டேன். அவன் போய்ச் சேர்ந்திருந்தான். "ஆமா மச்சி, மாதுளஞ்சாறுதான்" என்றான் சாதாரணமாக. "பழந்தான கூடாதுன்னாங்க?" அவனைத் திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. நான் மட்டும் என்ன கேட்டேன் அவனிடம்?

மெஷினுக்குப் பக்கத்தில்

போய்ச் சேர்ந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், எழுந்தேன், திரும்ப உட்கார்ந்தேன்.

"ஏங்க. நீங்க பழம் திங்கல."

"அதத்தான நானும் சொன்னேன்."

"நான்தான் ஊத்திக் குடுத்திருக்கேன். ரஃபீக் கொண்டாந்த பாட்டிலு. அது மாதுளையாம்."

அவர் டியூபில் ஓடுகிற ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"மொத நாளே தெரியும். எங்க ரூம்ல இருந்த சிரியாக்காரன் கத்திரிக்காயச் சுட்டு அதத்தான் ஊத்தித் திம்பான். எத்தன வருசம் பக்கத்துல ஒக்காந்து திண்ணுருக்கேன்."

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "தெரிஞ்சே திண்ணீங்களா? எங்களையெல்லாம் வுட்டுட்டுப் போயிடலாம்னு பாத்தீங்களா? நேத்து நான் அந்தக் கேள்வி கேட்டேனே, அப்பவாச்சும் வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?"

செல்வி ஓடி வந்தாள். "அம்மா, சத்தம் போடாதீங்க. சாருக்குப் பிபி ஏறுது பாருங்க."

"ஏறட்டும் சிஸ்டர்" என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தினேன். "ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திருப்ப."

"நாக்கு அவ்ளோ கேக்குதா உங்களுக்கு?"

"நாக்கா?" லேசாகச் சிரித்தார். "கொழம்பு ஒண்ணும் அவ்ளோ நல்லால்ல புள்ள. மீனுல போயி யாராச்சும் அத ஊத்துவாங்களா? இனிச்சிக் கெடந்துச்சு."

"பொறவு எதுக்குத் திண்ணீங்க?"

அவர் ஊசி குத்தாத கையால் போர்வையைச் சரி செய்துகொண்டார்.

"ஒம்போது மாசமா நீ சோறு போட்டுட்டு என் கையத்தான் பாப்ப. எத எடுக்குறேன், எவ்ளோ எடுக்குறேன்னு. அந்தப் பத்து நாளுதான் மூஞ்சியப் பாத்த. 'இன்னுங் கொஞ்சம் வைக்கவா'ன்னு கேட்ட. கொஞ்சந்தான, மெஷின் இழுத்துரும்னு இருந்துட்டேன். ஞாயித்துக்கெழம நீ ரெண்டு வேளையும் ஊத்துவன்னு கண்டனா?"

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டாவதைச் செய்தேன். செல்வி திரையை இழுத்துவிட்டுப் போனாள்.

அப்புறம் டிபன் பாக்ஸைத் திறந்தேன். வேகவைத்துக் கொட்டிய பீன்ஸ், உப்பில்லாத சோறு. ஒரு ஸ்பூன் எடுத்து ஊட்டினேன். பழக்கதோஷம், என் கண் ஸ்பூனில் எவ்வளவு இருக்கிறது என்றுதான் பார்த்தது. கண்ணைப் பிடித்து இழுத்து அவர் முகத்துக்குக் கொண்டு வந்தேன். மெலிந்து, கன்னம் ஒட்டி, ஒரு பக்கம் தாடி சரியாக வழிக்காமல் இருந்தது. மென்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னுங் கொஞ்சம் வைக்கவா?" என்றேன்.

"வைய்யி" என்றார்.